சாவுச் சேதிக்காரி

உல்கான் அக்கா நின்றுகொண்டு போன் எடுக்கமாட்டாள். இந்த ஊரில் நான் அவளைப் பார்க்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட எடுத்ததில்லை. கோட்டுப் பையில் போன் அடித்தால் முதலில் சுற்றிலும் பார்ப்பாள். இருக்கை காலியாக இருந்தால் இருக்கை. இல்லையென்றால் டிராமின் படி. படியிலும் ஆள் நின்றால், பூட்ஸ்களோடு வந்த பனி உருகி நசநசக்கும் தரையிலேயே குந்திவிடுவாள். இடுப்பில் தொங்கும் சில்லறைப் பையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, அப்புறம்தான் காதில் வைப்பாள். அதற்குள் பாதி அழைப்புகள் அறுந்துபோயிருக்கும். போகட்டும் என்பாள்.

அவள் டிராம் கண்டக்டர். ரஷ்யாவின் யெகாத்தெரின்பர்க்கில், எங்கள் சர்த்திரோவ்காப் பேட்டையிலிருந்து கிளம்பி நகரத்தின் மறுகோடி வரை போகிற வண்டி. கண்டக்டர் நடுவண்டியில் குந்தினால் பயணிகள் சும்மா இருப்பார்களா?

"என்னம்மா, இது என்ன உங்க ஊர் கூடாரமா? எந்திரி!" என்றார் ஒருநாள் ஒரு பெரியவர்.

"எந்திரிக்கிறேன் தாத்தா. நீங்க டிக்கெட் எடுத்தீங்களா? எடுக்கல. உக்காந்தமேனிக்கே கேக்குறேன், எடுங்க."

வண்டியே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "வந்துட்டாளுக கும்பலா" என்று ஜன்னலுக்குச் சொல்லிவிட்டுக் காசை நீட்டினார். அக்கா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள். அவள் சொன்ன விதத்தில் அது வாழ்த்தா வசவா என்று அவரால் கண்டுபிடிக்க முடிந்திருக்காது.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொன்னதாகும். சொல்ல உட்காரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்பதுதான் வரவரக் குழம்பிக்கொண்டே போகிறது.

எங்கள் சொந்த நாட்டில், நூகாத் மலைப் பக்கத்தில் சாவுச் சேதியை யாரும் வாசலில் நின்று எறிந்துவிட்டுப் போகமாட்டார்கள். செத்தவருக்கு நெருங்கியவர் எங்கே இருக்கிறாரோ அங்கே பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து போவார்கள். உட்காருவார்கள். தேநீர் குடிப்பார்கள். மழையைப் பற்றி, ஆட்டு விலையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'எல்லாரும் போகிற வழிதான்' என்று ஆரம்பிப்பார். அதுவரை ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். சொல்லவேண்டியவர்கள் வந்து சொல்லும்வரை மற்றவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. நல்ல வழக்கம்தான். மலைக்கு அந்தப் பக்கம் மந்தையோடு போனவனுக்காக, குதிரையில் அரைநாள் தூரத்தில் இருக்கிறவனுக்காக உண்டானது.

யெகாத்தெரின்பர்க்கில் இருக்கிறவனுக்காக அதை யாரும் உண்டாக்கவில்லை. பெரியவர்கள் நாலு பேர் இங்கே எப்படி வருவார்கள்? வரமாட்டார்கள். ஆனால் வாயை மூடிக்கொள்வது மட்டும் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எங்கள் ஊர்க் குழு ஒன்று உண்டு. கல்யாணப் படம், கன்றுக்குட்டிப் படம், யாருடைய கார் சாவியோ தொலைந்துபோனது என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அது திடீரென்று அடங்கிப்போனால் எங்களுக்குப் புரிந்துவிடும். யாரோ ஒருத்தர் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. அந்த ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டு வேறொரு குழு தொடங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதுக் குழுவில் நம்மைச் சேர்த்திருந்தால் நிம்மதி. சேர்க்கவில்லையென்றால்?

ஒரு வசந்த காலத்தில் அப்படிச் சேர்க்கப்படாமல் போனவள் உல்கான் அக்கா. நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. டிராம் பணிமனையின் தேநீர் அறையில் உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவளே சொன்னாள்.

"எங்கப்பாவுக்குக் கால் எப்பவும் ஜில்லுனு இருக்கும்டி. உள்ள கம்பளி வெச்ச பூட்ஸ் இங்க கிடைக்குதில்ல, அதை வாங்கி ஊருக்குப் போற பஸ்காரன்கிட்ட குடுத்தனுப்பினேன். போன்ல அம்மாகிட்ட கேட்டேன், அப்பாவுக்குச் சரியா இருக்கான்னு. 'கச்சிதமா இருக்கு கண்ணு'ன்னா. போட்டுக்கிட்டு நடந்தாரா? 'நடந்தாரு.' சரி, குடு அவர்கிட்ட, ரெண்டு வார்த்தை பேசறேன். 'ஆட்டைப் பாக்கப் போயிருக்காரு.' அந்த மனுஷன் அப்ப மண்ணுக்குள்ள இருக்காருடி! பூட்ஸ மாட்டிக்கிட்டு என் தம்பி ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கான்!"

மறைக்கச் சொன்னது அவள் புருஷன். அப்போது அவனும் இதே ஊரில், ஒரு கட்டட வேலையில் இருந்தான். அவளுக்கு ரஷ்யக் குடியுரிமைக் காகிதம் கைக்கு வரும் நேரம். ஊருக்குப் போனால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவனே முடிவு செய்தான். ஊரில் எல்லாரும் தலையாட்டினார்கள். நாற்பதாம் நாள் சாப்பாடும் முடிந்த பிறகு, வேலை நேரத்தில், போனில் சொன்னான். அவள் வண்டியின் நடுவில் ஒரு கையில் சில்லறையோடு நின்றுகொண்டிருந்தாள். 'உங்கப்பா தவறிட்டாரு. நாப்பதும் முடிஞ்சுது. எல்லாம் நல்லா நடந்துச்சு, நீ கவலைப்படாதே.'

அவள் விழுந்தாள். நாணயங்கள் இருக்கைகளுக்கு அடியில் உருண்டு ஓடின. 'குடிச்சிருக்கா' என்று யாரோ சொன்னார்களாம். அன்றைக்கே புருஷனுடைய துணிமணி, ரம்பம், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாவற்றையும் மாடிப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அவன் எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அவளும் அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. ரஷ்யாவின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்தது. அலமாரியில் இருக்கிறது.

"செத்தவரு என்ன பண்ணுவாரு பாவம். உயிரோட இருந்துக்கிட்டு 'ஆட்டைப் பாக்கப் போயிருக்காரு'ன்னு சொன்னவங்க இருக்காங்களே, அவங்க மூஞ்சிய நான் எப்படிடி பாப்பேன்?"

சேதி சொல்கிற வேலை அவளிடம் வந்தது அடுத்த குளிர்காலத்தில். சந்தைக்குப் பின்னால் வெல்டிங் கடை வைத்திருந்த ஒருவனுடைய மனைவி ஊரில் பிரசவத்தில் செத்துப்போனாள். நம் ஆட்கள் நாலு பேர் அவன் கடை வாசலில் நின்று ஒன்று மாற்றி ஒன்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போக ஒருத்தனுக்கும் கால் வரவில்லை. டிராம் அந்த நிறுத்தத்தில் நின்றபோது அக்கா பார்த்தாள். இறங்கினாள். நாலு பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "தம்பி, அந்த நெருப்பை அணைச்சுட்டு உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான். எதிரே அவளும் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, ஆட்டு விலை பேசவில்லை. அவன் கத்தி ஓயும்வரை கையை விடவில்லை. வண்டியை விட்டு இறங்கியதற்கு அவளுக்கு அபராதம் போட்டார்கள்.

அதிலிருந்து எல்லாரும் அவளையே கூப்பிட்டார்கள். எங்கள் நாட்டு ஒஷிலிருந்து, பாத்கெனிலிருந்து, யார் யாரோ. "அக்கா, எங்க பையன் உங்க ஊர்ல செங்கல் அடுக்கறான், அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும்." அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: கேட்ட அன்றைக்கே சொல்லிவிடுவாள். நாளைக்கு என்றால் வேறு ஆளைப் பார்.

முதலில் உட்காரச் சொல்வாள். அது ஊரறிந்த விஷயம். அதனாலேயே ஒரு சங்கடம் வந்தது. டிராமில் நம் ஆட்கள் யாராவது ஏறி, அவள் ஏதோ நல்லெண்ணத்தில் "இங்க இடம் இருக்கு, உக்காரு" என்றால் அவர்கள் முகம் வெளுத்துவிடும். ஒரு பையன் அடுத்த நிறுத்தத்திலேயே குதித்து ஓடினான். சந்தையில் அவள் நடந்து வந்தால் கடைக்காரப் பெண்கள் அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'காக்கா' என்று பெயர்.

"காக்கா வந்தா விருந்தாளி வருவாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க" என்றேன் ஒருநாள்.

"எந்த ஊர்ல? அந்த ஊருக்கு என்னை மாத்தல் வாங்கிக் குடு" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வரலாறு. பட்டம் ஊரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது; நான் இங்கே சூப்பர்மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு எடை போடுகிறேன். வழக்கங்கள் ஏன் தோன்றின, ஏன் மாறின என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஒரு வழக்கத்தை நேருக்கு நேர் நின்று உடைக்கிற ஒருத்தியாக அவளைத்தான் முதலில் பார்த்தேன். அவள் செய்வது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அந்த அக்டோபர் வரை.

சர்த்திரோவ்காவில் இரண்டு அறை வீட்டில் ஏழு பெண்கள் இருந்தோம். கட்டிலுக்குக் கட்டில் திரை. வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவள் புருல் அக்கா. சந்தையில் பாவாடை விற்கிறவள், வாய் பெரிது, கையும் பெரிது, யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் எழுந்து கஷாயம் போடுகிறவளும் அவள்தான். என் திரைக்கு அடுத்த திரை சாய்ராகுலுடையது. தையற்கூடத்தில் வேலை. ஊரில் அவளுக்கு ஒரு மகள்; சாய்ராகுலின் அம்மாதான் வளர்த்துக்கொண்டிருந்தாள். சாய்ராகுலுடைய பதிவுக் காகிதம் எப்போதோ காலாவதியாகி, பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. எல்லையைத் தாண்டி ஒரு அடி வைத்தால் அஞ்சு வருடத்துக்குத் திரும்பி நுழைய முடியாது. பெயரை நீக்கச் சொல்லி ஒரு வக்கீல் மனுப் போட்டிருந்தான். பெயர் நீங்கினால் மகளை இங்கே கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாள். அவள் பேசுவதெல்லாம் அதுதான். மகளுக்கு வாங்கிய பள்ளிக்கூடப் பை கட்டிலுக்கு அடியில் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

அன்று மதியம் அவளுடைய அண்ணன் எசென் என்னைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, எங்கம்மா காலையில தவறிட்டாங்க. இதயம். நாளைக்கு மத்தியானத் தொழுகை முடிஞ்சு எடுக்கறோம். நீ படிச்ச பொண்ணு, அதனால உன்கிட்ட சொல்றேன். சாய்ராகுலுக்குத் தெரிய வேண்டாம்."

"எப்ப வரைக்கும் அண்ணே?"

"அந்த மனு முடியற வரைக்கும். வசந்தம் வரைக்கும்னு வெச்சுக்கயேன்."

"வசந்தம் வரைக்குமா! அவ தினமும் அம்மாகிட்ட பேசறாளே?"

"தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லுவோம். காது கேக்கலைன்னு சொல்லுவோம். அதை நாங்க பாத்துக்கறோம். புருல் அக்காவுக்கும் சொல்லியாச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நான் மட்டும் சந்தோஷமாவா சொல்றேன்? அவ ஓடி வந்தா அம்மா எந்திரிச்சிருவாங்களா? அந்தப் பொண்ணோட வாழ்க்கை போயிரும் தங்கச்சி."

அவன் அழுதுகொண்டிருந்தான். கோபப்படக்கூட விடாமல் அழுகிற ஆட்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வரும். வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக டிராம் பணிமனைக்குப் போய் உல்கான் அக்காவிடம் சொன்னேன்.

அவள் சில்லறைப் பையை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். "நட" என்றாள். வழியில் ஒரே ஒரு வாக்கியம்: "தொண்டை கட்டியிருக்கா? எங்கப்பா ஆடு மேய்க்கப் போனாரு, இந்தம்மாவுக்குத் தொண்டை. நல்லா இருக்குடி இவங்க வைத்தியம்."

நாங்கள் போனபோது சமையலறையில் புருல் அக்கா இருந்தாள். மேஜைமேல் ஒரு பை நிறைய போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள். இறந்தவர்களுக்கு எண்ணெய் மணம் போய்ச் சேரவேண்டும் என்று பொரிப்போம். கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பொரிப்போம். புருல் அக்காவுக்குச் செத்தவளுடைய கடமையையும் விட மனசில்லை, மகளுக்கு மணம் தெரியவும் கூடாது. அடுத்த கட்டடத்தில் ஒரு தோழி வீட்டில் போய்ப் பொரித்திருக்கிறாள். பொரித்ததை நாலு பேர் வாயில் போட்டு துவா சொல்லவேண்டுமே என்று பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஒரு பெரிய பொய்யை இவ்வளவு பக்தியோடு செய்ய எங்கள் ஆட்களால்தான் முடியும்.

"வாம்மா காக்கா" என்றாள் புருல் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "படிச்சவளாம். வயித்துல ஒரு சேதி தங்கல."

"அவ எங்க?" என்றாள் உல்கான் அக்கா.

"வேலையிலேருந்து இன்னும் வரல. வந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல. தேநீர் குடிச்சிட்டுக் கிளம்பு."

"காலையில ஒஷுக்கு ஃப்ளைட் இருக்கு. ஏறினா மத்தியானத்துக்குள்ள முகம் பாத்துரலாம்."

"ஏறினா அஞ்சு வருஷம் திரும்ப முடியாது. அவ பொண்ணுக்கு யாரு சம்பாதிச்சுப் போடுவா, உன் டிராமா?"

"அதை அவ சொல்லட்டும்."

"அவ என்னத்தைச் சொல்லுவா? அம்மா செத்துட்டான்னு காதுல விழுந்தா எவ கணக்குப் பாப்பா? ஓடுவா. அப்புறம் அஞ்சு வருஷம் உக்காந்து அழுவா. நாங்க வசந்தத்துல சொன்னா, ஒருநாள் அழுவா, முடிஞ்சுது."

"எனக்கும் இப்படித்தான் முடிவு பண்ணாங்க. நான் இன்னும் அழவே ஆரம்பிக்கல."

"உன் கதையைத் தூக்கி எல்லார் தலையிலயும் வைக்காத உல்கான். உன் புருஷன் நாய். எசென் நல்ல பையன்."

"நாய் சொன்னா பொய், நல்ல பையன் சொன்னா மருந்தா?"

புருல் அக்கா கரண்டியை மேஜையில் அடித்தாள். மற்ற பெண்கள் திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் கதவு திறந்தது.

சாய்ராகுல் கன்னம் சிவக்கக் குளிரோடு உள்ளே வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "நல்ல சேதி! பரிசு குடுங்க, அப்பதான் சொல்லுவேன்!" என்றாள். நல்ல சேதி கொண்டுவருகிறவர்களுக்குப் பரிசு கொடுப்பது எங்கள் வழக்கம். குழந்தைகள்கூடக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். பரிசுக்குக் காத்திருக்காமல் அவளே சொல்லிவிட்டாள். "வக்கீல் பேசினான். மனுவை எடுத்துக்கிட்டாங்களாம்! வசந்தத்துக்குள்ள பேரு நீங்கிருமாம். நான் மட்டும் அதுவரைக்கும் இங்கேயே அசையாம இருக்கணுமாம். செப்டம்பர்ல என் பொண்ணு இங்க ஸ்கூலு!"

அப்போதுதான் உல்கான் அக்காவைப் பார்த்தாள். சிரிப்புக் கொஞ்சம் தயங்கியது. "அக்கா, நீங்களா? யாருக்கு?"

"யாருக்கும் இல்ல" என்றாள் புருல் அக்கா வேகமாக. "சும்மா வந்தா. பசின்னு வந்தா."

சாய்ராகுல் மூச்சை இழுத்தாள். "போர்சோக்கா! நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"நல்லதுக்குத்தான்."

"அப்ப எனக்குத்தான்! இன்னிக்கு எனக்குத்தான் நல்லது" என்று பையைப் பிரித்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

உல்கான் அக்கா எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துப்பு."

"என்னக்கா?"

"துப்புடி! அது உங்கம்மாவுக்குப் பொரிச்சது."

அவ்வளவுதான். உட்காரு என்று சொல்லவில்லை. எதிரே உட்காரவில்லை. எத்தனையோ பேருக்கு நாற்காலி தேடிக் கொடுத்தவள், அவளை நிற்கவைத்தே சொல்லிவிட்டாள். அது அவளுக்கே அடுத்த நொடியில் தெரிந்தது. காலால் ஒரு முக்காலியை இழுத்தாள், ஆனால் சாய்ராகுல் உட்காரவில்லை.

துப்பவும் இல்லை. மெல்ல மென்று விழுங்கினாள். பிறகு அறைகளுக்குள் போய்த் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா? உனக்கு? உனக்கும் தெரியுமா?" கடைசியாக என்னிடம் வந்தாள். நான் தலையாட்டினேன்.

உல்கான் அக்கா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காலை ஃப்ளைட்டுல இடம் இருக்கு. நான் டிக்கெட் போடறேன். பையை எடுத்து வை. முகம் பாத்துரலாம்."

"வேண்டாம்" என்றாள் சாய்ராகுல்.

"காசு நான்..."

"வேண்டாம்னேன்! நான் போகல." கோட்டைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து நின்றாள். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என் பொண்ணு அந்த வீட்ல இப்ப பாட்டியும் இல்லாம இருக்கா. நான் போனா அவளோட சேர்ந்து நானும் வருமானமில்லாம அங்கயே கிடப்பேன். செத்தவங்களுக்காக உயிரோட இருக்கறவளை விடவா?"

"அப்ப போகாத. உன் முடிவு. நீ எடுத்தியே, அதுதான் முக்கியம்" என்றாள் உல்கான் அக்கா.

"முக்கியமா? யாருக்கு?" சாய்ராகுல் அவள் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு நேரம் நான் தெரியாதவளா இருந்தேன். ஊர்ல என்ன பேசியிருப்பாங்க? 'பாவம், அவகிட்ட சொல்லல, சொல்லியிருந்தா பறந்து வந்திருப்பா'ன்னு. அந்தப் பொய்ய எங்கண்ணன் எனக்காக வெச்சிருந்தான். நான் காலத்துக்கும் அதுக்குள்ள படுத்துக்கிட்டு இருந்திருப்பேன். நீ வந்து புடுங்கிட்ட. இப்ப நான் யாரு? தெரிஞ்சும் வராத மக!"

உல்கான் அக்கா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"உன்கிட்ட சொல்லாம விட்டாங்கன்னு நீ ஊரைத் திட்டிக்கிட்டே இருக்கலாம்க்கா. உனக்கு அந்தச் சுகமாவது இருக்கு. நான் யாரைத் திட்டுவேன்?"

புருல் அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சாய்ராகுல் அவளை ஒரு கையால் தள்ளிவிட்டு உல்கான் அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"நீ போ. உன்கிட்ட சிவப்புப் பாஸ்போர்ட் இருக்கு, போனா வரலாம். எங்கம்மாவுக்கு வேற பொண்ணு இல்ல. அழ ஆளில்லாம எடுத்துட்டுப் போறாங்க நாளைக்கு. நீ போய் எங்க வீட்ல சுவரைப் பாத்து உக்காந்து, எனக்குப் பதிலா ஒப்பாரி வெச்சு அழு. மக அழற மாதிரி அழு. சேதி சொல்லத் தெரிஞ்சவளுக்கு அது தெரியாதா?"

"போறேன்" என்றாள் உல்கான் அக்கா.

"எப்ப?"

"நாளைக்கு லீவு தரமாட்டாங்க. வருஷச் சாப்பாட்டுக்குள்ள. சத்தியமா போறேன்."

மறுநாள் சாய்ராகுல் வழக்கம்போல வேலைக்குப் போனாள். தையற்கூடத்தில் அவள் அன்று எப்போதும்போலச் சட்டைக் காலர்கள் தைத்தாள் என்று கூட வேலை செய்கிறவள் சொன்னாள். ஊரில் சேதி பரவிவிட்டது. எசென்தான் சொன்னானோ, எங்கள் ஏழு பேரில் ஒருத்திதானோ. அவள் பயந்தது அப்படியே நடந்தது. 'தெரிஞ்சும் வரலியாம்' என்று அத்தைகள் பேசினார்கள். அதே அத்தைகள்தான் அதற்கு முந்தின நாள் 'அவகிட்ட சொல்லாதீங்க' என்றவர்கள். ஊர்க் குழுவில் யாரோ அவளைக் குத்திக்காட்ட வேண்டுமென்றே ஒரு தாய்ப்பசுப் படம் போட்டார்கள். நான் எதையோ எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் குழுவை விட்டே வெளியேறினேன். பட்டம் வாங்கியவள் செய்த புரட்சி அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நேராகத் தெரியவில்லை. மறைத்தது தப்பு, அதில் மாற்றமில்லை. எசெனுக்கு அவளுடைய துக்கத்தைப் பூட்டிவைக்க உரிமையில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்குள், சாவுக்கு ஊர் வரமுடியாதவர்களுக்கென்று கொஞ்சம் நிழலும் இருந்திருக்கிறது, அதை நான் கவனிக்கவேயில்லை. எந்தக் காகிதத்தில் எந்த முத்திரை விழுந்தால் ஒருத்தி தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிற மேஜைகள் இருக்கின்றனவே, அவற்றின்மேல் யாரும் கரண்டியால் அடிப்பதில்லை. நாங்கள் எங்கள் சமையலறை மேஜையில் அடித்துக்கொள்கிறோம். அக்காவும் புருலும், சாய்ராகுலும் அக்காவும், எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர். அந்த மேஜைக்காரர்களுக்கு எங்கள் பெயரைக்கூட உச்சரிக்க வராது.

வசந்தத்தில் தீர்ப்பு வரவில்லை. தள்ளிப்போட்டார்கள். செப்டம்பரில் இன்னொரு தடவை தள்ளிப்போட்டார்கள். சாய்ராகுல் இப்போதும் அசையாமல் இருக்கிறாள்.

வருஷச் சாப்பாடு நெருங்கியது. உல்கான் அக்கா லீவு கேட்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் அவளுடைய டிராமில் ஏறி, கூட்டம் குறையும் வரை காத்திருந்து கேட்டேன்.

"எப்ப கிளம்பறீங்கக்கா?"

"டிக்கெட் எடு முதல்ல."

எடுத்தேன். "சத்தியம் பண்ணீங்க."

"பண்ணேன். யாரு இல்லேன்னா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே இசேத் ஆறு ஓரங்களில் உறைய ஆரம்பித்திருந்தது. "அவங்க வீட்டுக்கும் எங்கப்பா வீட்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான்டி. தெரியுமா உனக்கு? அந்தப் பக்கம் ஒருத்தி ஒப்பாரி வெச்சா இந்தப் பக்கம் கேக்கும். எங்கம்மா கேப்பா. கேட்டுட்டு வாசல்ல வந்து நிப்பா. 'பெத்த அப்பனுக்கு அழாதவ அடுத்த வீட்டுக்காரிக்கு அழறியா'ன்னு கேப்பா. அங்க அழுதா எங்கப்பா வீட்லயும் அழணும். எங்க வீட்ல அழுதா எல்லாரையும் மன்னிச்சதா ஆயிரும்."

"மன்னிச்சா என்னக்கா?"

"என்னவா?" அவள் என்மேல் பாய்ந்த பாய்ச்சலில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா இந்த வண்டியில நிக்கறேன். 'உங்க ஊருக்குப் போ'ன்னு தினமும் ஒருத்தன் சொல்றான். என்னை நிக்க வெச்சிருக்கறது அந்தக் கோவம் ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய் அங்க குடுத்துட்டு வரச் சொல்றியா?"

அடுத்த நிறுத்தம் வந்தது. அவள் கதவுப் பக்கம் போய்விட்டாள். ஏறியவர்களிடம் டிக்கெட் கேட்டாள். நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய் இறங்கினேன்.

வருஷச் சாப்பாடு நடந்து முடிந்தது. குதிரை அறுத்தார்களாம். நிறையப் பேர் வந்தார்களாம். சாய்ராகுல் உல்கான் அக்காவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவளுடைய டிராம் வந்தால் ஏறாமல் அடுத்ததற்கு நிற்கிறாள். அக்கா ஜன்னல் வழியாக அவளைப் பார்க்கிறாள். வண்டி போய்விடுகிறது.

போன வாரம் எசெனுடைய மனைவி என்னைக் கூப்பிட்டாள். சாய்ராகுலுக்குப் பதிலாக அழ ஒரு பெண் வருவாள் என்று சாய்ராகுலே அப்போது சொல்லியிருந்தாளாம்.

"தங்கச்சி, நாங்க உள்ளறையில சுவரோரமா மெத்தை விரிச்சோமில்ல, மக வந்து உக்காந்து அழறதுக்கு. அதை இன்னும் சுருட்டல. அத்தை போன வீட்ல அழுகை பாக்கி இருக்கக் கூடாதுன்னு உங்கண்ணன் சுருட்ட விடமாட்டேங்கறாரு. வருஷமும் தாண்டிருச்சு. அந்தப் பொம்பளை வருவாளா, மாட்டாளா? வருவான்னா எப்ப வருவா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை. மெத்தை விரித்தபடியே இருக்கிறது.